ஒரு வருஷம் காத்திருந்த தேன்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஏழு பேரை வளர்த்தேன். ஐந்து பேர் நான் பெற்றது, இரண்டு பேர் என் கொழுந்தன் விட்டுப்போனது. ஏழு பேரும் இன்றைக்குக் கைகால் சுகத்தோடு இருக்கிறார்கள். தாராவியில் எங்கள் சந்தில் இப்படிச் சொல்லிக்கொள்ள இன்னொருத்தி கிடையாது. பெருமைக்குத்தான் சொல்கிறேன், வேறு எதற்கு?

முப்பது வருஷத்துக்கு மேல் வீடு வீடாகத் தேன் விற்றேன். புதிதாகத் தொழில் தொடங்கும் பெண்களுக்காக மகளிர் குழுவில் ஒரு புத்தகம் போடுகிறார்கள். அதற்கு என் அனுபவத்தைக் கேட்டார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அதனால் நான் சொல்லச் சொல்ல என் கடைசி மகன் எழுதுகிறான். பேச்சை எழுத்துத் தமிழாக அவன் ஒழுங்கு பண்ணிக்கொள்ளலாம். நான் சொல்லாத ஒன்றைச் சேர்க்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

1. முதல் நாள், மூன்றாவது மாடி

என் வீட்டுக்காரர் தோல் பட்டறையில் வேலை பார்த்தார். ஒன்பது பேர் சாப்பிட அந்த ஒரு சம்பளம் போதவில்லை. மார்த்தாண்டம் பக்கத்தில் என் அண்ணன் தேன்பெட்டி வைத்திருந்தான். ரப்பர் பூக்கிற காலத்தில் பெரிய டின்னில் தேனை நிரப்பி ரயிலில் அனுப்புவான். நான் மல் துணியில் வடிகட்டுவேன். பங்கார் என்கிற பழைய சாமான் கடையில் கண்ணாடி பாட்டில் வாங்கி, வெந்நீரில் கழுவி, இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வைப்பேன். பாட்டிலில் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கினாலும் தேன் புளித்துப் பொங்கிவிடும். ஒரு லிட்டர் பாட்டிலில் ஒரு கிலோ நானூறு கிராம் தேன் பிடிக்கும். இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன்.

முதல் நாள் மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடம். வாச்மேன், "லிஃப்ட் மே நஹி, அம்மா" என்று மாடிப்படியைக் காட்டினான். தோளில் ஆறு பாட்டில். இரண்டு மாடியிலும் கதவைத் திறந்து மூடினார்கள். மூன்றாவது மாடியில் ஒரு மாமி கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சர்க்கரைப் பாகு விக்கறவாளும் தேன்னுதான் சொல்றா. இது எதுடீ?"

"பாகுன்னா கீழ் வீட்டுலயே வித்துட்டுப் போயிருப்பேனே மாமி. இந்தக் கால்வலியோட மூணு மாடி எதுக்கு ஏறுதேன்?"

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். தீக்குச்சியைத் தேனில் நனைத்துக் கொளுத்திப் பார்த்தார்.

"மாமி, கெட்டியாக் காச்சின பாகும் தண்ணியில நேராத்தான் எறங்கும். வித்தவ அடுத்த மாசமும் இதே படி ஏறி வந்து நிக்காளான்னு பாருங்க. அதான் டெஸ்டு."

"வந்து நில்லு, பாக்கறேன்" என்றார். வந்து நின்றேன். இருபது வருஷத்துக்கு மேல் மாதம் தவறாமல் நின்றேன். அந்த மாமி வழியாகவே அந்தக் கட்டடம், அடுத்த கட்டடம், பிறகு செம்பூர் என்று வாடிக்கை பரவியது. எல்லோருக்கும் நான் தேன்காரம்மா.

2. மாடிப்படிப் பேச்சு

தேனின் பலன்களை நான் ஒரு மூச்சில் சொல்வேன். இருமல், தொண்டைக் கரகரப்பு, தூக்கம், கண் பார்வை, முடி, ஞாபகசக்தி, ரத்த சுத்தி, உடம்பு இளைக்க, உடம்பு தேற. கேட்கிறவர் முகத்தைப் பார்த்துக் கூட்டிக்கொள்வேன். மாட்டியும் இருக்கிறேன். செம்பூரில் ஒரு கட்டடத்தில் இரண்டாம் மாடி அம்மாவிடம் இளைக்கும் என்று விற்றேன். நாலாம் மாடி அம்மாவிடம் சதை பிடிக்கும் என்று விற்றேன். அடுத்த மாதம் இரண்டு பேரும் கேட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஒரே பாட்டில் தேன், இவளுக்கு எப்படி எறங்கும், எனக்கு எப்படி ஏறும்?"

"யாருக்கு என்ன வேணும்னு தேனுக்குத் தெரியும்மா" என்றேன். சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு பாட்டில் வாங்கினார்கள். அப்போது அதைச் சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

என் வியாபாரத்தில் பெரிய பங்கு பிள்ளை பெற்ற வீடுகள். உரைமருந்தைத் தேனில் குழைத்துப் பச்சைப்பிள்ளை நாக்கில் தடவுவார்கள். அதற்கும் முன்னால் சேனை வைப்பது. பிறந்த பிள்ளைக்கு முதன்முதலாக ஒரு சொட்டுத் தேனை நாக்கில் தொட்டு வைப்பதைத்தான் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் சேனை என்போம். யார் கையால் வைக்கிறார்களோ அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. ஏழு பேரை வளர்த்து ஒன்றையும் பறிகொடுக்காதவள் கை, அதுவும் தேன்காரி கை. எங்கள் சந்தில் பிள்ளை பிறந்தால் முதலில் என் வீட்டுக்குத்தான் ஆள் வரும். "பெரியம்மா, ஒங்களை மாதிரி தைரியமா வளரணும், வந்து வையுங்க" என்பார்கள். நாற்பத்து மூன்று பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறேன். தெருவில் எந்தப் பிள்ளை துடுக்காகப் பேசினாலும், "சொர்ணத்தாய் சேனை பேசுது" என்று சொல்லிச் சிரிப்பார்கள். சொர்ணத்தாய் என்பது என் பெயர்.

3. கேட்டில் கேட்ட பேச்சு

அணுசக்தி நகரில் வெளியாட்களை உள்ளே விட மாட்டார்கள். கேட்டுக்கு வெளியே பஸ் ஸ்டாப்பில் நிற்பேன். ஸ்டாஃப் பஸ் வரும் நேரத்துக்கு வாடிக்கைக்காரர்கள் வந்து வாங்கிப்போவார்கள். அங்கே ஒரு குழந்தை டாக்டரம்மா, மதுரைக்காரர். தனக்கென்று மாதம் ஒரு பாட்டில் வாங்குவார். ஒரு நாள் பேச்சுவாக்கில் நான், என் கடைசி மருமகள் எட்டு மாதம், பேரப்பிள்ளைக்குச் சேனை வைக்கப் புதுத்தேனில் ஒரு பாட்டில் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன் என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "ஒரு வயசு ஆகிற வரைக்கும் தேனே குடுக்கக் கூடாதும்மா. ஒரு சொட்டுகூட."

"என் தேன் அசல் தேன் டாக்டரம்மா."

"அசலா இருந்தாலும்தான். மண்ணுல இருக்கிற ஒரு கிருமியோட விதை தேன்ல இருக்கலாம். பெரியவங்க குடல்ல அது முளைக்காது. பச்சைப்பிள்ளை குடல்ல முளைச்சு விஷத்தைக் கக்கும். பிள்ளை துவண்டுபோகும், பால் குடிக்காது, மூச்சே நின்னுபோகலாம். தேனைச் சுட வச்சாலும் அந்த விதை சாகாது."

"நான் ஏழு பிள்ளைக்கும் வச்சேன். ஊரு முழுக்க வச்சேன். ஒண்ணும் ஆகலியே!"

"அபூர்வமாத்தான் வரும். தண்டவாளத்தைக் குறுக்க தாண்டுற எல்லாருமா அடிபடுறாங்க? அதுக்காக நீங்க பேரப்பிள்ளையைத் தூக்கிட்டுத் தாண்டுவீங்களா?"

பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டார். எனக்குக் கோபம். அன்றைக்கு மிச்சத் தேனை விற்காமல் திரும்பினேன். என் தேனின் சுத்தத்தை நம்பி இத்தனை வருஷம் தலைநிமிர்ந்து நடந்தவள் நான். அந்தச் சுத்தம் இதற்கு உதவாது என்று ஒரே பேச்சில் சொல்லிவிட்டாரே! ஆனால் அவர் என்னிடம் தேன் வாங்குகிறவர். என் வியாபாரத்தைக் கெடுக்கப் பொய் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தத் தண்டவாளம் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

4. என் பேத்திக்குச் சேனை

மருமகள் மகேஸ்வரிக்குப் பெண் பிறந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார்கள். என் வீட்டுப் பிள்ளைக்கு என் கையால் சேனை, சந்தே வாசலில் நிற்கிறது. அம்பர்நாத்திலிருந்து வந்த சம்பந்தியம்மா தேன் தொட்டு வைக்கப் பொன்மோதிரமே கொண்டுவந்திருந்தார்.

"மைனி, நேரம் போகுது. தேனை எடுங்க."

பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டேன். மூடியையும் திறந்தேன். பிள்ளை வாயைச் சப்புக்கொட்டியது. எனக்குக் கை நீளவில்லை. மூடியைத் திருப்பி மூடினேன்.

"மகேஸ்வரி, ஒன் சீம்பால் ஒரு சொட்டு என் விரல்ல பீச்சு."

கையைக் கழுவிவிட்டு, அந்த மஞ்சள் பாலைத் தொட்டுப் பிள்ளை நாக்கில் வைத்தேன். "இதான் சேனை. தேன் ஒரு வருஷம் கழிச்சு" என்றேன்.

சம்பந்தியம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. எதிர்வீட்டு இசக்கியம்மாள் வாசலிலிருந்தே கேட்டாள். அவளுடைய இரண்டு பேரன்களுக்கும் நான்தான் சேனை வைத்தது.

"ஊரு பிள்ளைக்கெல்லாம் தேனு, ஒம் பேத்திக்கு மட்டும் பாலா? அப்போ எம் பேரன்மாருக்கு என்னத்தட்டீ வச்ச?"

"தேன்தான் வச்சேன். பிள்ளைக்கு ஆகாதுன்னு அப்பம் தெரியாது. தெரியாமத்தான் வச்சேன்."

"இருபது வருசமா விக்கிறவளுக்குத் தெரியாதாக்கும்! தேனு நல்ல தேனா இருந்தா ஒம் பேத்திக்கு வைக்க ஏன் பயப்படுத?"

வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருத்தியாக நகர்ந்து போனார்கள்.

5. திரும்பி வந்த பாட்டில்கள்

மறுநாளிலிருந்து பாதி தீர்ந்த பாட்டில்கள் என் வாசலில் வந்து உட்கார ஆரம்பித்தன. சொர்ணத்தாய் தேன் டூப்ளிகேட், தன் பேத்திக்கே வைக்கவில்லை என்று பேச்சு. ஜனவரிக் குளிரில் தேன் அடியில் உறைவது இயற்கை, வெந்நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். அதையும் எடுத்துக்கொண்டார்கள். "பாத்தியா, அடியில சீனி!" என்றார்கள். என் மகன் சொன்னான், "எம்மா, ஒரு சொட்டு வச்சிருந்தா இந்தத் தந்தா, இந்த யாவாரம் படுத்திருக்காதுல்லா." இதை எழுதுகிறவனும் அவன்தான், எழுதட்டும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சேனை வைத்த வீடுகளில் ஒரு வயது ஆகாத பிள்ளை இருந்த நாலு வீட்டுக்கும் போனேன். "இனிமே தேன் குடுக்காதீங்க, உரைமருந்துலயும் குழைக்காதீங்க, நான் வச்சது தப்பு" என்று சொன்னேன். இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில் அந்தப் பெண், "நெசமாவா பெரியம்மா?" என்று பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். அந்த வீட்டுக்கு மறுநாளும் போய்ப் பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

6. மாமி வீட்டுப் புண்ணியாகவாசனம்

அந்த மாதமே மாட்டுங்கா மாமியிடமிருந்து போன். பேத்திக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, பதினோராம் நாள் தீட்டுக் கழித்துப் பெயர் வைக்கும் புண்ணியாகவாசனம், அன்றைக்குப் பிள்ளை நாக்கில் வைக்க நல்ல தேனாக ஒரு பாட்டில், வந்தவர்களுக்குக் கொடுக்கச் சின்னச் சீசாவில் அறுபது. சந்தில் ஒரு பாட்டில்கூடப் போகாத நேரம் அது. சீசாக்களை எடுத்துக்கொண்டு போனேன். அறுபதையும் ஹாலில் அடுக்கினேன்.

"பெரிய பாட்டில் எங்கேடீ?"

"அது தரமாட்டேன் மாமி. வந்தவங்க சாப்பிடட்டும். பிள்ளைக்கு ஆகாது."

"எங்காத்துல தேனையும் நெய்யையும் பொன்னால தொட்டு வெக்கறது வழக்கம். வேண்டாம்னு சொல்ல நீ யாருடீ?"

"விக்கிறவ மாமி. அதான் நான் சொல்லுதேன்."

"நீ தராட்டா என்ன, கீழ்க்கடையில வாங்கிக்கறேன்."

"எந்தத் தேனும் ஆகாது. ஒரு வயசு வரைக்கும் ஆகாது. நீங்க ஒங்க குழந்தை டாக்டர்கிட்ட ஒரு போன் போட்டுக் கேளுங்க. கேக்குற வரைக்கும் நான் போகமாட்டேன்." கதவோரம் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மாமிக்கு மூக்கு சிவந்துவிட்டது. "சத்யாக்ரஹமா பண்றே?" என்றார். உள்ளே படுத்திருந்த பிள்ளை பெற்ற பெண்ணுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. ஆஸ்பத்திரி ஃபைலைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள்.

"பாட்டி, அவ சொல்றது சரிதான். டிஸ்சார்ஜ் பேப்பர்லயே போட்டிருக்கு. தண்ணி, தேன், கிரைப் வாட்டர் ஒண்ணும் குடுக்கப்படாதாம். தேன் ஒரு வயசுக்கு அப்புறம்தானாம்."

"நீ ஏண்டி இதுவரைக்கும் சொல்லலை?"

"நான் இப்பத்தான் படிக்கறேன் பாட்டி. யாருமே படிக்கலை. பில்லை மட்டும் பாத்துட்டு ஃபைலை மூடிட்டோம்."

அந்த வீட்டில் இரண்டு இன்ஜினியர், ஒரு ஆடிட்டர், ஒரு காலேஜ் புரொபசர். மாமி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இத்தனை படிச்சவா இருக்கேள். படிக்கத் தெரியாதவ மூணு மாடி ஏறி வந்து சொல்ல வேண்டியிருக்கு." பிறகு என்னிடம், "எழுந்திருடீ, தரை ஜில்லுனு இருக்கு. காபி குடி" என்றார்.

காபி குடிக்கும்போது சந்தில் நடந்ததைச் சொன்னேன். மாமி அந்தப் பேப்பரை ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார். பெயர் இருந்த மேல்பகுதியைக் கத்தரித்தார். கீழே வெள்ளையாக இருந்த இடத்தில் தன் கையால் தமிழில் ஏதோ எழுதி நாலாக மடித்து என் பையில் வைத்தார். "பத்துப் பேர் முன்னாடி யாரையாவது உரக்கப் படிக்கச் சொல்லு" என்றார்.

7. குழாயடியில்

மறுநாள் காலை குழாயில் தண்ணீர் வரும் நேரம். சந்தில் எல்லாப் பெண்களும் குடத்தோடு நின்றார்கள். அங்கன்வாடி டீச்சர் அந்த வழியாக வந்தாள். அவளை நிறுத்திப் பேப்பரைக் கொடுத்தேன். முதலில் ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னாள். ஒரு வயது வரை தேன் கூடாது என்ற இடம் வந்ததும், "இதத்தான நானும் மாசாமாசம் தொண்டத்தண்ணி வத்தச் சொல்லுதேன்? ஒருத்தியாவது காதுல வாங்குனீங்களா?" என்று ஒரு சத்தம் போட்டாள். பிறகு மாமி எழுதியதைப் படித்தாள்.

"இவ இருபது வருஷமா எங்காத்துக்குத் தேன் கொண்டுவரா. எங்காத்துக் கொழந்தைக்குத் தேன் கேட்டேன், தரமாட்டேன்னுட்டா. விக்கற சாமானையே வேண்டாம்னு சொன்ன வியாபாரியை நான் இப்பத்தான் பாக்கறேன். இனிமே எங்க பில்டிங்ல தேன்னா இவகிட்டதான்."

குடம் நிரம்பி வழிந்ததைக்கூட யாரும் பார்க்கவில்லை. இசக்கியம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "தண்ணி போகுதுட்டீ, குடத்தை எடுங்க!" என்று அதட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அன்னைக்கு நான் திருப்பிக் குடுத்த பாட்டிலை வச்சிருக்கியா, வித்துட்டியா?" என்றாள்.

"எதுக்கு?"

"எனக்கு இருமுதுல்லா."

அவள் பாட்டில் அப்படியே இருந்தது. கொடுத்தேன். ஒரு வாரத்துக்குள் வாசலில் இருந்த பாட்டில்கள் எல்லாம் வந்த வீட்டுக்கே போய்ச் சேர்ந்தன.

8. முதல் பிறந்தநாள்

பேத்திக்கு ஒரு வயது முடிந்த அன்று சந்தில் ஷாமியானா போட்டேன். சம்பந்தியம்மா அதே மோதிரத்தைக் கொண்டுவந்தார். நான் எடுத்து வைத்த பாட்டிலைத் திறந்து, மோதிரத்தால் தொட்டு, பேத்தி நாக்கில் வைத்தேன். பிள்ளை கண்ணை மூடி ருசி பார்த்துவிட்டு, மோதிரத்தைக் கடித்து இழுத்தது. சந்தே சிரித்தது. "சொர்ணத்தாய் சேனை, விடுமா?" என்றாள் இசக்கியம்மாள்.

அன்றைக்குப் பிடித்த வழக்கம் இன்னும் நடக்கிறது. எங்கள் சந்தில் பிறந்த பிள்ளைக்கு முதல் சொட்டு தாய்ப்பால். ஒரு வயது நிறைந்த அன்று தேன். இரண்டுக்கும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். இசக்கியம்மாளின் மூன்றாவது பேரனுக்கும் அப்படித்தான் வைத்தேன். முன்பு ஒரு பிள்ளைக்கு ஒரு அழைப்பு, இப்போது இரண்டு. மாட்டுங்காக் கட்டடத்தில் என் மூத்த மகள் இப்போது தேன் கொண்டுபோகிறாள். லிஃப்டிலேயே போகச் சொல்கிறார்கள்.

மாடிப்படிப் பேச்சையும் மாற்றிக்கொண்டேன். முதலில் எதற்கு ஆகாது என்று சொல்வேன். ஒரு வயதுக்குள் ஆகாது. சர்க்கரை வியாதிக்காரர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. கண்ணில் விடக் கூடாது. இளைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அதன் பிறகு, இருமலுக்குப் படுக்கும் முன் ஒரு ஸ்பூன், தொண்டைக்கு வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம், காலையில் ரொட்டிக்குச் சர்க்கரைக்குப் பதில், அதுவும் அளவோடு. பட்டியல் சுருங்கிவிட்டது, விற்பனை சுருங்கவில்லை. தொழிலுக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உன் சாமான் எங்கே ஆகாது என்று உன் வாயாலேயே சொல்லு. அதற்கு அப்புறம் ஆகும் என்று நீ சொல்வதை நம்புவார்கள். சொல்லும் நாளில் வலிக்கும், எனக்கும் வலித்தது.

முடிந்தது. இனி என் பேத்தி தர்ஷினி வரவேண்டும். அன்றைக்கு மோதிரத்தைக் கடித்தவள்தான், இப்போது ஏழாம் வகுப்பு. இங்கிலீஷும் ஹிந்தியும் தண்ணீர் பட்ட பாடு, தமிழ் மட்டும் என்னை மாதிரி எழுத்துக் கூட்டி. ஏ தர்ஷினி, அந்த போனைக் கீழே வை. ஒங்கப்பன் நான் சொல்லாததை எதுவும் சேர்த்திருக்கானான்னு பார்க்கணும். தடுமாறினா தடுமாறு, யாரும் சிரிக்க மாட்டோம். அந்த நாக்குக்கு ஒரு வருஷம் காத்திருந்தவ நான், இன்னும் கொஞ்ச நேரம் இருக்க மாட்டேனா? மேலே இருந்து வாசி, கண்ணு.